பிரிட்ஜில் ஒட்டிய சராசரி

திருகோணமலையில் ஒரு யூனிற் கரண்டின் சராசரி விலை என்ன என்று ஐந்து மாதமாகக் கணக்குப் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை. கட்டணம் கூடியது, குறைந்தது, மறுபடியும் கூடும் என்றார்கள். எது எப்போது நடந்தது என்பதில் எனக்கும் மனைவிக்கும் கருத்து வேறுபாடு. அதைத் தீர்க்கத்தான் தொடங்கினேன். தீர்ந்தது. இப்போது இருவருக்குமே தெரியாது.

நான்கு நண்பர்கள் மாதாமாதம் பில்லைப் படமெடுத்து அனுப்பினார்கள். எங்களுடையது ஐந்தாவது. தொகையை யூனிற்றால் வகுத்தால் ஒரு யூனிற்றின் விலை வரவேண்டும். வந்தது, ஆனால் ஆளுக்கொன்றாக. கூடப் பாவிப்பவருக்கு யூனிற்றின் விலையே கூடிவிடும். சல்லிக் கிராமத்தில் இருக்கும் நண்பருக்கு மலிவாக வருவது, அன்புவழிபுரத்தில் எங்கள் வாசலுக்கு வரும்போது விலை ஏறிவிடுகிறது. கிண்ணியா நண்பர் அனுப்பிக்கொண்டிருந்தது வீட்டு பில் அல்ல, கடை பில் என்பது மூன்றாம் மாதம்தான் தெரிந்தது. கடைக்கு வேறு விலையாம்.

போதாததற்கு, ஐந்து விலைகளையும் கூட்டி ஐந்தால் வகுத்தால் ஒரு சராசரி. ஐந்து பில்களையும் கூட்டி மொத்த யூனிற்றால் வகுத்தால் வேறொரு சராசரி. எது சரி என்று கணிதம் படிப்பித்த நண்பரிடம் கேட்டேன். இரண்டும் சரி என்றார். அதற்குப் பிறகு என் அழைப்பை அவர் எடுப்பதில்லை.

ஆனாலும் வரைபடம் ஒன்று கீறினேன். ஊருக்கு நீலக் கோடு, எங்கள் வீட்டுக்குச் சிவப்புக் கோடு. பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன்.

இரண்டாம் மாதம் அக்கா வந்தார். மட்டக்களப்பில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர், தனி ஆள். கொஞ்ச நாள் இருந்து பார்க்கிறேன் என்றுதான் வந்தார். பின்னறையில் அவருடைய சூட்கேஸ் பிரிக்கப்படாமலே கட்டிலருகில் நின்றது. அவர் எங்களோடேயே தங்கிவிட வேண்டும் என்பது என் ஆசை. எங்கள் குடும்பத்தில் அப்படியெல்லாம் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆகவே அந்த அறைக்குப் புது மின்விசிறி ஒன்று வாங்கிப் பூட்டினேன்.

அந்த மாதம் சிவப்புக் கோடு ஏறியது. அடுத்த மாதம் இறங்கியது. வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டினேன். வீட்டில் ஆள் கூடியிருக்கப் பில் எப்படிக் குறையும் என்று மனைவி கேட்டாள். கட்டணம் குறைந்திருக்கும் என்றேன். நீலக் கோடு அதே மாதம் மேலே போயிருந்தது. கீறியவன் நான்தான், நான்தான் கவனிக்கவில்லை.

அக்கா மத்தியானங்களில் வீட்டில் இருப்பதில்லை. கடற்கரைப் பக்கம் போய்வருவதாகச் சொல்வார். ஒரு மணி வெயிலில் கடற்கரைக்குப் போகும் ஒரே தாதி உலகத்திலேயே என் அக்காவாகத்தான் இருப்பார். அதுவும் எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஒருநாள் மத்தியானம் சிம் மாற்றுவதற்காகத் தொலைபேசிக் கம்பனியின் கந்தோருக்குப் போனேன். நல்ல ஏசி. இலக்கத் துண்டை எடுத்துக்கொண்டு திரும்பினால், மூலைக் கதிரையில் அக்கா. அவர் திடுக்கிடவில்லை. தன் கையிலிருந்த துண்டை நீட்டினார்.

“இந்தா, பிடி. அடுத்தது நீதான்.”

போனில் என்ன பிழை என்று கேட்டேன். ஒரு பிழையும் இல்லை, இங்கே குளிர் என்றார். ஒவ்வொரு நாளும் வந்து ஒரு துண்டு எடுப்பாராம். தன் இலக்கம் நெருங்கினால் கைக்குழந்தையோடு நிற்கும் யாருக்காவது கொடுத்துவிட்டு வேறொன்று எடுப்பாராம்.

“வீட்டில ஃபான் இருக்கே அக்கா.”

“ஓம். நான் வந்த மாதம் உன்ர சிவப்புக் கோடு ஏறினதைப் பாத்தனான். அதுதான் பகலில போடுறேல்ல. இந்த மாதம் முடியத் திரும்பிப் போவம் எண்டிருக்கிறன்.”

“அது கட்டணம் கூடினதால.”

“எவ்வளவு கட்டணத்தால, எவ்வளவு என்னால?”

இத்தனை மாத ஆராய்ச்சியில், மனைவி கேட்டதை விட்டால், என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி. கடை பில்லைப் பற்றித் தொடங்கி, இரண்டாவது சராசரிக்குத் தாவி, நடுவில் நின்றுவிட்டேன். அக்கா தந்த இலக்கத்தை இரண்டு தரம் கூப்பிட்டார்கள். பக்கத்தில் நின்ற ஒரு தாயிடம் துண்டைக் கொடுத்துவிட்டு அக்காவுக்கு அருகில் உட்கார்ந்தேன்.

“எனக்குத் தெரியாது அக்கா.”

“அப்ப ஏன் ஒட்டினனி?”

“அதுவும் தெரியாது. ஆனா நீங்கள் போகவேண்டாம்.”

அக்கா இலக்கப் பலகையைக் காட்டினார். முதலில் போய் சிம்மை மாற்று என்றார். என் சொந்தத் துண்டின் இலக்கம் வர இன்னும் முக்கால் மணித்தியாலம் இருந்தது. இருவரும் குளிரில் இருந்தோம்.

வரைபடத்தை அன்றே கிழித்தேன். அடுத்த பில் வந்தபோது நான் தொடவில்லை. அக்காதான் பிரித்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, குசினி மேசையில் பென்சிலால் வகுத்து, என்னைக் கூப்பிட்டார். மாதாந்த நிலையான கட்டணத்தையும் சேர்த்து வகுத்திருக்கிறேனாம். ஐந்து மாதமும் பிழையாம். இது மூன்றாவது சராசரி. மனைவி உடனே அக்காவின் பக்கம் சேர்ந்தாள். அக்கா சொல்வது சரியா என்று எனக்கு இன்னமும் விளங்கவில்லை.

அங்கிருந்து பார்த்தால் பின்னறை தெரியும். சூட்கேஸ் வெறுமையாகி அலுமாரிக்கு மேலே ஏறியிருந்தது. ஆளில்லாத அறையில் மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. கை பரபரத்தது. நான் போய் நிறுத்தவில்லை.