பேசாதே என்று அடிவாங்கியவர்

நேற்று வெங்காய மண்டியில் ஏலம் கூவிக்கொண்டிருந்தேன். தொண்டை டாக்டர் தவறிவிட்டார் என்று பக்கத்துக் கடைக்காரர் வந்து சொன்னார். அதோடு ஏலத்தை நிறுத்திவிட்டேன். அவரிடம் திட்டு வாங்கியவர்கள் திண்டுக்கல்லில் ஏராளம். அவருக்கு அடி வாங்கிக்கொடுத்த பாவி நான் ஒருவன்தான்.

அணா போய் நயா பைசா வந்த புதிது. என் குரல் கம்மிப்போய் வெறும் காற்றாக வந்தது. ஏலக்காரனுக்குக் குரல் போனால் சோறு போச்சு. புற்று என்றே ஊர் முடிவுகட்டிவிட்டது. டாக்டர் சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்துவிட்டுச் சீறினார்.

"புத்துமில்ல, ஒரு மண்ணுமில்ல. கத்திக் கத்தியே குரல்வளைக்குள்ள மொளகு தண்டிக்கு சதைய வளத்து வச்சிருக்க. கழுத்தக் கீற வேணாம், வாய் வழியாவே கிள்ளி எடுத்துர்றேன்."

மரத்துப்போக மருந்து தடவி, என் நாக்கை என்னையே துணியால் இழுத்துப் பிடிக்கச் சொன்னார். வளைந்த இடுக்கி உள்ளே இறங்கியதும் குமட்டித் தலையை ஆட்டினேன். விட்டார் பாருங்கள் ஓர் அறை! அடுத்த முறை சதை வந்துவிட்டது.

"பத்து நாளைக்கு மூச்! பேசினா புண்ணு ஆறாது, குரலு இப்படியே நின்னுபோகும்."

நான் கிண்ணத்தில் ரத்தம் துப்பும் நேரம் பார்த்தா என் அண்ணன் தாடிக்கொம்பிலிருந்து வந்து நுழைய வேண்டும்! "என்னலே ஆச்சு?" என்றான். பேசக்கூடாது என்று வாயைக் காட்டிக் கையை ஆட்டினேன். அவ்வளவுதான். "எந் தம்பிய ஊமையாக்கிட்டியேடா!" என்று டாக்டரின் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினான். வாயில் குத்தினான். பல் தெறித்தது. இடுப்பைப் பிடித்து இழுத்தேன், அசையவில்லை.

"ஒத்த வார்த்த பேசுலே தம்பி, இவன விட்டுர்றேன்!" என்று கதறினான்.

வாயைத் திறந்துவிட்டேன். கழுத்து நெரிபட்டபடியே டாக்டர் அலறினார்: "ஏலே, பேசினே, கொன்னுபுடுவேன்!"

ஸ்டூலைத் தூக்கி அண்ணன் மண்டையில் போட்டேன். விழுந்தான். தன் வாயைக்கூடத் துடைக்காமல் அவனுக்குத் தையல் போட்டார் டாக்டர். திட்டிக்கொண்டேதான் போட்டார்.

பதினோராம் நாள் "பேசு" என்றார்.

"மன்னிச்சிருங்கய்யா."

"சத்தமாச் சொல்றா, மண்டிக்குக் கேக்கணும்" என்று முன்பல் இல்லாமல் சிரித்தார்.

இன்று காலை அவர் பாடையை முதலில் தூக்கியவன் என் அண்ணன். எனக்கு அழுகை அடங்கவில்லை. அன்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அடி நின்றிருக்கும். சொல்லவிடாமல் அடிவாங்கினார் மனுஷன். அப்படி மிஞ்சிய குரல்தான் என்னிடம் இருக்கிறது.