கேரவன் அக்கா கியரை விட்ட கதை

கொக்கியை மூன்று முறை உதைத்துப் பார்க்காமல் புஷ்பவள்ளி அக்கா வண்டியில் ஏறமாட்டார். முதல் உதை, பின்னால் இழுத்துப்போகும் கேரவன் பிக்கப் வண்டியோடு சரியாகப் பூட்டிக்கொண்டதா என்று பார்க்க. இரண்டாவது, காப்புச் சங்கிலிக்கு. மூன்றாவது எதற்கு என்று கேட்டால், "அது பழக்கம் லா" என்பார். பிறகு கேரவனைச் சுற்றி ஒரு நடை, பின்விளக்கில் ஒரு தட்டு, சட்டைக் கையில் ஒரு மடிப்பு. ஐம்பத்து நான்கு வயது. உயரம் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. ஆனால் முதுகுக்கு ஒரு தலையணையைச் செருகிக்கொண்டு ஸ்டீரிங்கைப் பிடித்துவிட்டால், சிம்பாங் ரெங்கம் சாலையில் அவரைவிட உயரமானவர் யாரும் கிடையாது.

அந்தக் கேரவனில் யாரும் சுற்றுலா போவதில்லை. அது மணப்பெண் அலங்கார அறை. தோட்டத்து மண்டபத்திலும் கோயில் கொட்டகையிலும் கல்யாணம் வைக்கிறவர்களுக்குப் பந்தல் கிடைக்கும், பாத்திரம் கிடைக்கும், பெண் சேலை மாற்ற ஓர் இடம் மட்டும் கிடைக்காது. கழிவறைக்குப் பக்கத்தில் நாலு பேர் போர்வையைப் பிடித்துக்கொண்டு நிற்க, தன் தங்கை மகள் கூறைப்புடவைக்கு மாறியதை அக்கா ஒரு தடவை பார்த்தார். மறு வருடமே, யாரோ இரண்டு முறை மெர்சிங் கடற்கரைக்கு இழுத்துப்போய்ச் சலித்துப் போட்டிருந்த கேரவன் ஒன்றை வாங்கி, கட்டிலைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, ஆளுயரக் கண்ணாடியும் சுற்றிலும் விளக்கும் குளிருக்கு ஏர்கோனும் வைத்தார். இப்போது லாயாங் லாயாங்கிலும் பண்டார் தெங்காராவிலும் அழைப்பிதழ் அடிப்பதற்கு முன்பே அவரிடம் தேதி கேட்கிறார்கள். "ஒரு முகூர்த்தத்துக்கும் நான் லேட்டா போனதில்ல" என்பதை அக்கா நாளுக்கு ஒரு தடவையாவது சொல்வார். உண்மையும் அதுதான்.

அதற்கு முன் பத்தொன்பது வருடம் தொழிற்சாலை பஸ் ஓட்டினார். தோட்டம் தோட்டமாகப் போய் ஆள் ஏற்றி, ஷிப்டுக்கு முன் கொண்டுபோய் இறக்க வேண்டும். முதல் நாள் ஓட்டுநர் இருக்கையில் அக்காவைப் பார்த்ததும் மூன்று ஆண்கள் இறங்கிக்கொண்டார்களாம். அடுத்த வாரம் அதே மூன்று பேர் முன் இருக்கைக்கு அடித்துக்கொண்டார்கள். அந்த பஸ்ஸின் கியர் கம்பைத் தள்ளித் தள்ளித்தான் தன் இடது தோள் வலது தோளைவிடப் பருத்துவிட்டது என்பது அக்காவின் சொந்தக் கண்டுபிடிப்பு. நம்பாதவர்களுக்குத் தோளைத் தொட்டுப் பார்க்க அனுமதி உண்டு.

கியர் விஷயத்தில் அவரிடம் வாயைக் கொடுத்து மீண்டவர்கள் இல்லை. "மேட்டுல எந்தக் கியரு, எறக்கத்துல எந்தக் கியருன்னு நான் முடிவு பண்ணணும். எனக்கு முன்னாடியே யோசிக்கிற வண்டி எனக்கு எதுக்கு?" என்பார். பின்னால் ஒரு டன் எடை நெட்டித் தள்ளிக்கொண்டு வரும்போது, செம்பனைத் தோட்டத்து இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பியவன் பள்ளத்தில்தான் கிடப்பான் என்பது அவர் கட்சி. "கியருதான் பாதி பிரேக்கு. தானா கியரு மாறுற ஆட்டோ வண்டி வச்சிருக்கவங்கள்லாம் வண்டி ஓட்டல, வண்டியில உக்காந்து போறாங்க."

அக்காவின் கணவர் கமலநாதன் அப்படி வெறுமனே உட்கார்ந்து போகிறவராக ஆகி நாலு வருடம் ஆகிறது. முப்பது வருடம் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை லாரி ஓட்டியவர். கேரவன் வாங்கிய அன்று, அதைச் சந்துக்குள் பின்னோக்கி மடக்கி ஒரே வீச்சில் வீட்டு வாசலில் நிறுத்தியவர் அவர்தான். தெருவே நின்று பார்த்தது. பிறகு ஆயர் ஈத்தாம் சாலையில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தார். இடது முட்டிக்குள் இரும்புத் தகடு வைத்தார்கள். நடக்கலாம், ஆனால் கால் மடங்காது. கிளட்ச் மிதிக்க ஆகாது என்று டாக்டர் சொன்ன அன்றே லாரிச் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

அதிலிருந்து அக்காவுக்கு இடப்பக்க இருக்கை அவருடையது. தண்ணீர் எடுத்துத் தருவார், பெண் வீட்டாரிடம் போனில் பேசுவார், கேரவனின் படியை இறக்கிவைப்பார். மண்டப வாசலில் பழைய லாரிக்காரர்கள் அவரைப் பார்த்துவிட்டால், "என்னா கமலா, அக்காவுக்குக் கெலிண்டானா?" என்று கேட்பார்கள். கெலிண்டான் என்றால் லாரியில் ஓட்டுநருக்கு எடுபிடி. கமலநாதன் எல்லோருக்கும் முந்திக்கொண்டு சிரிப்பார். சிரித்துவிட்டுக் கேரவனுக்குள் போய், ஏற்கெனவே துடைத்த கண்ணாடியை மறுபடி துடைப்பார். அக்கா பார்க்காததுபோல் பின்விளக்கை ஒரு தட்டு தட்டுவார். ஆறுதல் சொன்னால் அடுத்த கல்யாணத்துக்கு அவர் வரமாட்டார் என்று தெரியும்.

இந்த வருடம் பழைய பிக்கப்பின் கிளட்ச் இரண்டாவது முறையாகக் கருகியது. பட்டறைக்கார ஜெயபாலன் கையைத் துடைத்துக்கொண்டே நல்ல சேதியாக ஒன்று சொல்லப் பார்த்தார்.

"பதினெட்டு வருஷ வண்டி, விட்டுடுங்கக்கா. புதுசு எடுக்குறப்ப ஆட்டோவா எடுங்க. மேட்டுல நிறுத்தி எடுக்குறப்பதான் ஒங்க கிளட்சு சாவுது. ஆட்டோல அந்தத் தொல்லையே இல்ல. கியரு எண்ணெ சூடேறாம ஒரு கூலர் மாட்டிக்கிட்டா கேரவன நெய் மாதிரி இழுக்கும்."

"நெய்ய நீ சோத்துல ஊத்திக்க. எனக்கு மெனுவல் போதும்" என்று அக்கா சொல்லிவிட்டார். அந்தப் பேச்சு அன்று மாலைக்குள் ஊர் முழுக்கப் பரவியது. பரப்பியதில் அக்காவுக்கும் பங்கு உண்டு.

குளுவாங் விற்பனைக்கூடத்தில் இரண்டு பிக்கப்புகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒரே வெள்ளை, ஒரே உயரம். ஒன்று மெனுவல், ஒன்று ஆட்டோ. அக்கா மெனுவலை ஓட்டிப் பார்த்துப் பூரித்துப்போய், உள்ளே வந்து விண்ணப்பப் பாரம் எழுத உட்கார்ந்தார். பெயரை எழுதிவிட்டுத் தலை நிமிர்ந்தபோது கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் கமலநாதன் தெரிந்தார். ஆட்டோவின் கதவைத் திறந்து ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்திருந்தார். எஞ்சின் ஓடவில்லை. இரண்டு கையும் ஸ்டீரிங்கின் மேல் இருந்தன. மடங்காத கால், மிதிக்க ஒன்றும் இல்லாத அந்த இடத்தில் சௌகரியமாக நீட்டிக் கிடந்தது. யாரோ வரும் சத்தம் கேட்டதும் திருட்டுப் பூனை மாதிரி இறங்கி, உட்கார்ந்த இடத்தைக் கைக்குட்டையால் துடைத்தார்.

அக்கா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். விற்பனைக்காரரிடம் அந்தப் பாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வாசலைப் பார்த்துக் கையை நீட்டி, பக்கத்தில் நின்ற ஆட்டோவைக் காட்டினார்.

"மெனுவல்னுதான சொன்ன?" என்றார் அதற்குள் உள்ளே வந்துவிட்ட கமலநாதன்.

"ஸ்டாக் இல்லையாம். மூணு மாசம் ஆகுமாம்."

மெனுவல் அக்காவின் முதுகுக்குப் பின்னால் பளபளவென்று நின்றது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறோம். அக்கா ஒரு முழு பிக்கப்பையே மறைக்கப் பார்த்தார்.

"எனக்காகவா?"

"ஒங்களுக்காக ஒண்ணும் இல்ல. எனக்கு இப்பல்லாம் முட்டி வலி."

"வள்ளி, பாவம் பாத்து வாங்குற வண்டிய நான் தொடமாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

சொன்னபடியே தொடவில்லை. ஆடி மாதம் கல்யாணம் கிடையாது, கேரவனுக்கும் ஓய்வு. அந்த நாலு வாரமும் புது வண்டி வாசலில் நின்றது. அக்கா அதை ஓட்டிக்கொண்டு சந்தைக்கும் கோயிலுக்கும் போய்வந்தார். ஒருநாள் தலைவலி என்று படுத்துக்கொண்டு, "வண்டிய நிழல்ல மட்டும் எடுத்து விடுங்களேன்" என்று சொல்லிப் பார்த்தார். கமலநாதன் போன் போட்டு ஜெயபாலனை வரவழைத்து நிழலில் விடச் சொன்னார். இவர் விடாக்கண்டர் என்றால் அவர் கொடாக்கண்டர். ஊர் இதற்குள் மூக்கில் விரல் வைத்து முடித்து, சிரிக்கவும் தொடங்கிவிட்டது. "என்னக்கா, நெய்ச் சோறு எப்படி இருக்கு?" என்று பட்டறை வாசலில் கேட்டார்கள். காரணத்தைச் சொல்லியிருந்தால் ஒருவரும் சிரித்திருக்கமாட்டார்கள். அக்கா "முட்டி வலி" என்றுதான் எல்லோரிடமும் சொன்னார். பத்தொன்பது வருடம் பஸ்ஸில் சேர்த்த பெயரைப் பைசாவுக்கு விற்பதாக நினைத்தவர்கள் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டார்.

ஆவணியில் முதல் சனிக்கிழமை. புதுக் கொக்கியில் கேரவனை மாட்டி முனீஸ்வரர் கோயிலில் பூசை. மாலையில் பண்டார் தெங்காராவில் ஒரு வரவேற்பு. மதியத்துக்குள் கேரவன் அங்கே நிற்க வேண்டும். ஒன்பது மணிக்கு ராகு காலம் என்பதால் குருக்கள் எட்டரைக்கே சூடம் காட்டி, திருநீறு பூசி, டயருக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தார். பிக்கப்புக்கு நாலு, கேரவனுக்கு இரண்டு. ஆறும் நசுங்க வண்டி நகர வேண்டும். அதுதான் முறை. பார்ப்பதற்கு ஜெயபாலனும், லாரிக்காரர்களும், விபூதிக்கு வந்த பாதி ஊரும் நின்றார்கள்.

அக்கா பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். வண்டி மெல்ல அசைந்தது. பின்னாலிருந்து கேரவனின் எடை இடுப்பில் ஒரு சுண்டு சுண்டியது. கேரவன் இல்லாமல் சந்தைக்குப் போனபோது வராத அந்தச் சுண்டுதலுக்கு அக்காவின் உடம்பில் இத்தனை வருடமாக ஒரே பதில்தான்: இடது கால் கிளட்சுக்குப் போகும். போயிற்று. கிளட்ச் இருக்க வேண்டிய இடத்தில் அகலமான பிரேக் இருந்தது. வண்டி முட்டிக்கொண்டு நின்றது. கேரவனுக்குள் முகப்பவுடர் டப்பாக்கள் உருண்டன. பழங்கள் ஆறும் முழுசாக இருந்தன.

"அக்கா, கிளட்ச வீட்டுல மறந்துட்டு வந்துட்டீங்களா?" என்றார் ஜெயபாலன். ஒரு சிரிப்பு எழுந்தது.

குருக்கள் பழங்களைச் சரிசெய்து வைத்தார். அக்கா மறுபடி காலை எடுத்தார். அதே அசைவு, அதே சுண்டுதல், அதே இடது கால். இந்தத் தடவை கண்ணாடியில் தொங்கிய சாமி படத்தின் மாலை கழன்று மடியில் விழுந்தது. வெளியே சிரிப்பு இரண்டு மடங்காயிற்று.

"நேரம் போகுதும்மா" என்றார் குருக்கள்.

யானைக்கும் அடி சறுக்கும். சறுக்கிய பிறகு யானை என்ன செய்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அக்கா வண்டியைக் குறை சொல்லவில்லை, பிரேக்கைக் குறை சொல்லவில்லை. கதவைத் திறந்து இறங்கினார். முகம் சிவந்திருந்தது. வண்டியின் முன்பக்கமாகச் சுற்றிவந்து இடப்பக்கக் கதவைத் திறந்தார்.

"எனக்கு வரலைங்க. நீங்க ஓட்டுங்க."

புஷ்பவள்ளி அக்காவின் வாயிலிருந்து 'வரல' என்ற சொல்லை அந்த ஊர் அதுவரை கேட்டதில்லை. கமலநாதனும் கேட்டதில்லை. அவர் அக்காவின் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"நடிக்கிறியா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"நடிக்கிறதா இருந்தா இத்தனை பேரு முன்னாடியா நடிப்பேன்?"

கமலநாதன் காலை வெளியே வைத்து இறங்கினார். காலை இழுத்து இழுத்து வண்டியைச் சுற்றி அவர் நடந்துபோனபோது லாரிக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டு வழிவிட்டார்கள். ஏறி உட்கார்ந்து, முதுகுத் தலையணையை எடுத்துப் பின்னால் போட்டு, இருக்கையைத் தள்ளிக்கொண்டார். கண்ணாடியில் கேரவனை ஒரு தடவை பார்த்தார். அக்கா இடப்பக்கம் ஏறிக்கொண்டார். வண்டி நகர்ந்ததே தெரியவில்லை. பழங்கள் நசுங்கிய சத்தம்தான் தெரிந்தது. ஆறும் சப்பையாகிக் கிடந்தன. குருக்கள் மணியை அடித்தார்.

கோயில் வாசலில் இரண்டு தூண்கள். அவற்றுக்கு நடுவில் கேரவன் நுழைய ஒரு சாண்தான் மிச்சம். தாண்டியதும் வலப்பக்கம் சட்டென்று திருப்ப வேண்டும். லாரிக்காரர்களில் ஒருவர் கைகாட்டப் போனார். ஜெயபாலன் அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். கமலநாதன் இடப்பக்கமாக அகல வாங்கி, பொறுத்து, திருப்பினார். கேரவன் எதையும் உரசாமல் பின்னாலேயே போய்ச் சாலையில் ஏறியது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அன்று கல்யாணம் அவருக்குத்தான் என்று தோன்றும்.

அக்கா அந்த முகத்தைப் பார்க்கவில்லை, பின்னால் திரும்பிக் கேரவனையும் பார்க்கவில்லை. பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். செருப்பைக் கழற்றிக் கீழே தள்ளினார். பிறகு, கிளட்சைத் தேடிய அந்த இடது காலையும் சேர்த்து, இரண்டு கால்களையும் தூக்கி இருக்கையின் மேல் மடக்கி, நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.