பினாங்கு தைலம்மாவும் நானும்

கப்பல்காரருக்கு வாக்கப்படுறதும் ஒரு உத்தியோகம்தான். அவர் கடலில் இருந்தால் கவலைப்படணும், வீட்டுக்கு வந்தால் அவர் கதைக்கு ‘உம்’ கொட்டணும். என்னைப் போல ‘உம்’ கொட்டியே ஓய்ந்துபோன அக்கா தங்கச்சிகளுக்குத்தான் இதை எழுதுகிறேன். மூணாங்கிளாஸ் படிப்பு, முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கணும்.

கரி பஸ்ஸில்

ஜப்பான்காரன் சண்டை ஓய்ந்து அவர் லீவில் வந்திருந்தார். அரியலூரிலிருந்து பெரம்பலூருக்கு, எங்கம்மா வீட்டுக்கு, பெட்ரோலுக்குப் பதில் கரி போட்டு ஓட்டுகிற கரி பஸ்ஸில் போனோம். மடியில் கைக்குழந்தை புகை தாங்காமல் வீறிடுகிறது. இவரோ, கப்பல் நின்ற ஊரிலெல்லாம் கரையில் இறங்கிச் சுற்றிய கதையை அவிழ்த்துவிட்டார். கொழும்பில் டிராம், கேப்டவுனில் மேகம் மூடின மலை, பினாங்கில் ரிக்‌ஷா. பஸ்ஸே வாயைப் பிளந்து கேட்கிறது. எனக்கு வயிறு எரிந்தது. முன் சீட்டு அம்மாள் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஏம்மா, இம்புட்டு ஊரு பாத்த மனுசன் உன்னை எங்க போயி பாத்தாரு?”

தேங்காய்ப்பால்

ஊர்களைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். பினாங்கில் சோத்துக்கடை வைத்திருக்கிற தைலம்மாவைத்தான் பொறுக்க முடியாது. கரையில் இறங்கினால் முதல் சாப்பாடு அவள் கையால்தானாம். என் சமையலை இவர் ஒருநாளும் நல்லாயிருக்கு என்று சொன்னதில்லை. வழித்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோவார். தைலம்மா மீன் குழம்பில் தேங்காய்ப்பால் ஊத்துவாளாம். ‘நல்லாயிருக்கு’ என்கிற அந்த ஒரு வார்த்தைக்காக ஏரிக் கெண்டை வாங்கி, கை வலிக்கத் துருவிப் பிழிந்து ஊற்றினேன். ஒரு வாய் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். நான் கதவோரம் மூச்சு விடாமல் நின்றேன்.

“ஏ புள்ள, தைலம்மா கைமணம் அப்படியே இருக்கு!”

கூட்டாளி வந்தார்

இவரோடு அதே கப்பலில் வேலை பார்க்கிற ஏலாக்குறிச்சி மரியதாஸ் அண்ணன் ஒருநாள் வந்தார். மெட்ராசில் அடுத்த பயணத்துக்குக் கப்பலுக்கு ஆள் எடுக்கிறார்களாம். போறதா, இருந்து கொல்லை வெள்ளாமையைப் பார்க்கிறதா என்று இவர் இழுத்தார். இருங்க என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கேழ்வரகுக் களியும் கொள்ளுக் குழம்பும் வைத்தேன்.

ஒரு உருண்டை விழுங்கிய மரியதாஸ் அண்ணன், “இதுதானா தங்கச்சி அது!” என்று சிரித்தார். பினாங்கில் இவருக்கு எந்நேரமும் என் கொள்ளுக் குழம்புப் பேச்சுதானாம். தொல்லை தாங்காமல் தைலம்மாவே ஒருநாள் கொள்ளு வாங்கிக் குழம்பு வைத்தாளாம். இவர் கண்ணை மூடிக்கொண்டு, “எங்க வூட்டுக் குழம்பு மாதிரியே இருக்கு” என்றாராம். அவள் கரண்டியை விட்டெறிந்து என்ன சொன்னாள் தெரியுமா?

“இனிமே அந்த அரியலூர்க்காரி பேச்சை எடுத்தா ஒனக்கு இங்க சோறு கெடையாது!”

என் பக்கத்தில் இருந்தால் தைலம்மாவுக்குப் புகழ், தைலம்மா பக்கத்தில் இருந்தால் எனக்குப் புகழ் என்று தெரிந்துபோனதால், மறுநாள் நானே அவருடைய டிரங்குப் பெட்டியைத் துடைத்து, தைலம்மாவுக்கென்று ஒரு படி கொள்ளும் உள்ளே போட்டு வைத்தேன்.