ஆறாவது பாயின்ட்

பேய், சாபம், சத்தியம் எதிலும் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. ஜோகுபாளையத்தில் எங்கள் தெருவில் யாருக்காவது சாமி வந்தால்கூட, ஆளுக்கு எர்த்திங் சரியில்லை என்று கிண்டல் செய்கிறவன் நான். அதனால் நீங்கள் இப்போது சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் எனக்கு வருத்தமில்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தால் வாய்விட்டே சிரித்திருப்பேன்.

தொண்ணூற்று நாலு, தொண்ணூற்றைந்து இருக்கும். பழைய மெட்ராஸ் ரோட்டில் ஒரு சந்துக்குள் ஒர்க்‌ஷாப், அளக்கிற கருவிகளை ரிப்பேர் செய்கிற வேலை. முதலாளி ஹெக்டே சார், கன்னடக்காரர், எங்களோடு தமிழில்தான் பேசுவார். மெக்கானிக் இரண்டே பேர், நானும் விவேக் நகர் அந்தோணி அண்ணனும். எனக்கு சால்டரிங் அயர்ன் பிடிக்கச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான், ஆனாலும் அவர் மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சந்தாபுரா பக்கத்து ஃபேக்டரி ஒன்றிலிருந்து ஒரு இன்சுலேஷன் மீட்டர் வந்தது. வால்வு ரேடியோ காலத்துச் சாமான், தூக்கவே இரண்டு பேர் வேண்டும். கேபிளுக்குள் ஐயாயிரம் வோல்ட்டை ஏற்றி அது எங்காவது கசிகிறதா என்று காட்டும். குமிழில் ஆறு பாயின்ட். ஐந்து அளப்பதற்கு, ஆறாவது கேபிளில் தங்கிப்போன கரண்டை வடிப்பதற்கு. ஆறாவதில் வைத்த பிறகுதான் கேபிளைக் கையால் தொடலாம். ஆறிலும் உள்ளே தொடுகிற காண்டாக்ட் தகடு தேய்ந்து கருத்துப் போயிருந்தது. முறையாகச் செய்வதென்றால் ரிவிட்டை உடைத்துத் தேய்ந்ததை எடுத்துவிட்டு, வேறொரு பழைய சுவிட்சிலிருந்து நல்லதைக் கழற்றி அந்த இடத்தில் அடிக்க வேண்டும், ஒன்றுக்கு இரண்டு மணி நேரம் பிடிக்கும். ஐந்தைச் செய்தேன். அன்றைக்கு கிரிக்கெட் மேட்ச். ஆறாவதில் முள் அசையாது, அது சரியாக இருக்கிறதா என்று யாரும் பார்க்கப் போவதில்லை. நோஸ் பிளையரால் பழைய தகட்டைக் கொஞ்சம் நிமிர்த்தி, தொடுகிற மாதிரி வைத்துவிட்டு மூடினேன்.

மூடிய ஸ்க்ரூ தலையில் நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வைப்பது எங்கள் பழக்கம். யார் செய்த வேலை என்று நிறத்தைப் பார்த்தாலே தெரியும். அந்தோணி அண்ணனுக்குச் சிவப்பு, எனக்கு ரோஸ். என் பாட்டில் காய்ந்திருந்தது, அவருடையதை எடுத்து வைத்தேன். அதில் வஞ்சம் இல்லை, சோம்பேறித்தனம்தான். வஞ்சம் பிறகு வந்தது.

இரண்டு வாரத்தில் அந்த ஃபேக்டரியில் ஏணி மேல் நின்று கேபிளைத் தொட்ட லைன்மேன் ஒருவர் ஷாக்கில் கீழே விழுந்து, தலையில் அடிபட்டுச் செத்துப்போனார். மீட்டர் எங்களிடமே திரும்பி வந்தது. ஹெக்டே சார் சிவப்புச் சொட்டைப் பார்த்துவிட்டு அந்தோணி அண்ணனைக் கூப்பிட்டார். அண்ணன் கத்தவில்லை. இது தன் கை வேலையே இல்லை, தானாக இருந்தால் ஆறாவதை அப்படி விட்டிருக்க மாட்டேன் என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"குமாரு, நீயே சொல்லுப்பா."

எனக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். ஜெயில் வரை போகுமோ என்று பயம். எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

ஆயுத பூஜைக்கு ஸ்க்ரூடிரைவருக்குக்கூடப் பொட்டு வைக்கிற ஆள் ஹெக்டே சார். இரண்டு பேரும் மெஷின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்யுங்கள் என்றார். காலை பதினோரு மணி, ஜன்னல் எல்லாம் திறந்திருக்கிறது. மீட்டர் வந்து நாலு நாளாகியும் யாரும் பிளக்கில் சொருகவில்லை. உள்ளே கெப்பாசிட்டரில் கரண்ட் தங்கியிருக்கும் என்பீர்கள், நானும் அதைப் படித்தவன்தான். அதனால்தான் முதலில் ஸ்க்ரூடிரைவரால் இரண்டு டெர்மினலையும் சேர்த்து ஷார்ட் செய்து காட்டினேன், ஒரு பொறிகூட வரவில்லை. பிறகு உள்ளங்கையை அவற்றின் மேல் அழுத்தி, இந்த மெஷினை நான் திறக்கவே இல்லை என்று சத்தியம் செய்தேன். இரும்பு சில்லென்று இருந்தது, அவ்வளவுதான்.

அந்தோணி அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டு கையை வைத்தார். நம்பினால் நம்புங்கள், நடுவில் யாரும் எதையும் தொடவில்லை. பட்டென்று ஒரு சத்தம், ஆள் பின்னால் இருந்த ரேக்கில் போய் விழுந்தார். தோல் கருகிய நாற்றம் வந்தது. வலது கையில் மூன்று விரல் உள்ளே மடங்கிக்கொண்டது, பிறகு விரியவே இல்லை.

"பார்த்தியா, தேவரே காட்டிக் குடுத்துட்டாரு" என்றார் ஹெக்டே சார். அவர் பாஷையில் தேவரு என்றால் கடவுள். அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பிவிட்டார்.

நான்தான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அண்ணன் அழவில்லை. ஒருவேளை தானே வேறு ஏதோ நினைப்பில் அந்த வேலையைச் செய்துவிட்டு மறந்துவிட்டோமோ என்று வழி முழுக்க என்னிடமே கேட்டுக்கொண்டு வந்தார். இருக்கும்ணா என்றேன். அப்படிச் சொன்ன வாய் இதுதான்.

சோறு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை என்றெல்லாம் அளக்க மாட்டேன். கல்யாணம் ஆனது, நன்றாகவே சாப்பிட்டேன். ஆனால் ஆட்டோவில் அவர் கேட்ட கேள்வி மட்டும் காதை விட்டுப் போகவில்லை. ஆறு மாதம் கழித்து, உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் விவேக் நகருக்குப் போனேன். குழந்தை இயேசு கோயிலுக்கு வெளியே தள்ளுவண்டியில் மெழுகுவர்த்தி விற்றுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் வண்டியில் தொங்கிய பல்பு அணைந்துவிட்டது. மடங்கிய கையால் முடியாது என்று டெஸ்டர் ஸ்க்ரூடிரைவரை என்னிடம் கொடுத்து, கரண்ட் வருகிறதா பார்க்கச் சொன்னார். பின்னால் கட்டைவிரலை வைத்தால், நம் உடம்பு வழியாக இம்மியளவு கரண்ட் போய்க் கைப்பிடிக்குள் விளக்கு எரியும், எல்லார் வீட்டிலும் இருக்கிற சாமான்தான். இரண்டு ஒயரிலும் வைத்துப் பார்த்தேன், எரியவில்லை. வரலண்ணா என்றேன்.

என் பேச்சை நம்பி இடது கையால் ஒயரைப் பிடித்து முறுக்கினார். பக்கத்துப் பூக்கடைக்காரர் கட்டையால் அடித்துத்தான் பிரித்துவிட்டார். உயிர் போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, டெஸ்டரை என் கையிலிருந்து வாங்கி அதே ஒயரில் வைத்தார். பளிச்சென்று எரிந்தது.

"இன்னும் இன்னா பாக்கி இருக்குன்னு இதையும் பண்றே?" என்றார், மெதுவாக.

என் கையில் எரியவில்லை அண்ணா என்று சொல்லிப் பார்த்தேன். அவரிடம் நான் பொய் சொல்லாதது அந்த ஒரு தடவைதான். சொல்ல வந்ததைச் சொல்லாமலே திரும்பிவிட்டேன்.

அன்றிலிருந்து எத்தனையோ டெஸ்டர் மாற்றிவிட்டேன். செருப்பைக் கழற்றிவிட்டு ஈரத் தரையில் நின்றுகூடப் பார்த்தாகிவிட்டது. மனைவி பிடித்தால் எரிகிறது, மகள் பிடித்தால் எரிகிறது. என் கட்டைவிரல் பட்டால், அங்கே ஆளே இல்லாத மாதிரி இருட்டாக இருக்கிறது. சந்தேகமாக இருந்தால் உங்கள் வீட்டு டெஸ்டரை எடுத்து வாருங்கள், இப்போதே காட்டுகிறேன். ஒன்று மட்டும், கரண்ட் இல்லை என்று நான் சொன்னால் அதை நம்பி எதையும் தொட்டுவிடாதீர்கள்.