குறட்டைக்கு மாட்டிய கிளிப்

தூங்கும் குழந்தைகள் ஒழுங்காக மூச்சு விடுகிறார்களா என்று பார்ப்பதற்குச் சம்பளம் வாங்கியவன் நான். எனக்குப் பெண் பார்க்கப் போன வீடுகளில் இதை விளக்க அம்மா பட்ட பாடு தனிக்கதை.

செல்போன் இன்னும் எல்லார் பைக்கும் வந்துசேராத காலம். மதுரையில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் டெக்னீஷியனாக இருந்தேன். குறட்டை விடும் பிள்ளையின் விரல் நுனியில், துணி காயப்போடும் கிளிப் மாதிரி ஒன்றை மாட்ட வேண்டும். அதோடு சேர்ந்த சின்ன மெஷின், ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு, நாடி எவ்வளவு என்று விடிய விடியக் குறித்துவைக்கும். கூடவே குறட்டையைப் பதிவுசெய்ய ஒரு டேப் ரிக்கார்டர். சாயங்காலம் கொடுத்தனுப்பினால் காலையில் திரும்ப வரும். குறட்டைக்குப் பக்கத்தில் படுத்துப் பழகிய உங்களுக்கு மேலே சொல்லத் தேவையில்லை.

வந்ததுக்கு ஒண்ணு

உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவர் ஆறு வயது மகளோடு வந்தார். "ஊசி கிடையாது, ரத்தம் எடுக்க மாட்டோம், வலியே இருக்காது" என்று பெருமையாக விளக்கினேன். சொல்லச் சொல்ல அவர் முகம் வாடிக்கொண்டே போனது. கிளிப்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மகள் மெல்ல நகர்ந்து என் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். காரணம் அப்புறம்தான் புரிந்தது.

"ரெண்டு பஸ் மாறி வந்துருக்கோம்ண்ணே, ஒண்ணும் போடாம அனுப்பிறாதீங்க, ஒரு சத்து ஊசியாவது குத்திவிடுங்க."

யாருடைய சத்தம்?

செல்லூரில் தறி வைத்திருந்த சௌராஷ்டிரத் தம்பதி, மகனின் குறட்டையைப் பதிவுசெய்து கொண்டுவந்தார்கள். கேசட்டை ஓட்டினேன். லோடு ஏற்றிய லாரி மேட்டில் ஏறுகிற சத்தம். டாக்டரே உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். அஞ்சு வயதுப் பையனின் நெஞ்சுக்கூட்டில் அம்புட்டு இடம் ஏது? காதைக் கிட்டே வைத்துக் கேட்டால், லாரிக்குப் பின்னால் எங்கேயோ பிள்ளையின் குறட்டை விசிலடித்துக்கொண்டிருந்தது.

பையனின் அப்பா மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா அவர்கள் வீட்டு மொழியில் அவரிடம் என்னவோ பொரிந்து தள்ளினார். எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை, விஷயம் முழுசாகப் புரிந்தது. பிறகு என் பக்கம் திரும்பித் தமிழுக்கு வந்தார்.

"சின்னவனை அப்புறம் பாத்துக்கலாம் சார், மொதல்ல இவருக்கு ஒரு டோக்கன் போடுங்க."

நல்ல ரிப்போர்ட்

ஆனையூரிலிருந்து ஒரு தாய் கொண்டுவந்த மெஷினில், ஆக்சிஜன் ராத்திரி முழுக்க ஒரு புள்ளி குறையவில்லை. நாடியும் பெரியவர்களுக்கு ஓடுவதுபோல நிதானமாக ஓடியிருந்தது. நாலு வயதுப் பெண்ணுக்கு அப்படி ஓடாதே! பிள்ளையோ என் எதிரிலேயே வாயைப் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். "ராத்திரி கிளிப்பு பாப்பா விரல்லதானம்மா இருந்துச்சு?" என்று கேட்டேன். அவர் முந்தானை நுனியை முறுக்கினார்.

"பிஞ்சு வெரலு, கடிச்சிருமோன்னு பயந்து என் வெரல்ல மாட்டிக்கிட்டேன், பெத்தவ ரத்தமும் அவ ரத்தமும் ஒண்ணுதான சார்?"

கணக்கு பீரியடு

திருநகர்ப் பையன் ஒருவன், மூன்றாம் வகுப்பு, பள்ளிக்கூடத்தில் எந்நேரமும் தூக்கம். சோம்பேறி என்று ஆசிரியை எழுதி அனுப்ப, ஆபீஸ் உத்தியோகம் பார்த்த அப்பா வீட்டில் பெல்ட்டை எடுத்திருக்கிறார். மெஷின் கொடுத்த தாளை அவர் முன்னால் விரித்தேன். ஆக்சிஜன் கோடு ரம்பப் பல்லாக இறங்கி ஏறியிருந்தது. "ஒவ்வொரு பள்ளமும் இவனுக்கு மூச்சு அடைச்ச நேரம் சார். திணறி முழிச்சு மறுபடி இழுத்திருக்கான். இவன் ராத்திரி தூங்கவே இல்ல" என்றேன். அவர் விரல் பள்ளம் பள்ளமாக ஊர்ந்து, பாதியிலேயே நின்றது. "தூங்குனதுக்குல்ல சார் அடிச்சேன்" என்றார். பையனின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

மூக்குக்குப் பின்னால் வளர்ந்திருந்த சதையையும் டான்சிலையும் டாக்டர் எடுத்தார். மூன்று மாதம் கழித்து, கன்னத்தில் சதை பிடித்து, அப்பாவின் ஸ்கூட்டரில் வந்து இறங்கினான். "இப்ப எப்படிடா இருக்கு?" என்று கேட்டேன். அவனுக்கு என்மேல் கோபம்.

"கிளாஸ்ல தூக்கமே வர மாட்டேங்குது சார், கணக்கு மிஸ் சொல்றது முழுக்கக் கேக்க வேண்டியிருக்கு!"

இத்தனை வருஷத்தில் தூங்கிய பிள்ளை ஒன்றுகூட என்னிடம் பொய் சொன்னதில்லை, விழித்திருந்த பெரியவர்களிடம்தான் எதையும் இரண்டு தரம் கேட்க வேண்டியிருந்தது.