குளிர்ந்த தண்ணீரில் பசை விட்ட பட்டு

எண்பதுகளின் தொடக்கத்தில் ஆரணியில் எங்கள் சாயப்பட்டறைக்கு ஒரு பெண் ஆராய்ச்சியாளர் வந்தார். ஒல்லியான உருவம், தடித்த கண்ணாடி, தோளில் பனிக்கட்டி நிரப்பிய பெரிய தெர்மாஸ். அதிலிருந்த சீசாவைத் தொடுமுன் ஒவ்வொரு முறையும் கையைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துக்கொள்வார்.

பட்டு நூலில் ஒட்டியிருக்கும் பசையை நீக்க, அதைச் சோப்புத் தண்ணீரில் கொதிக்க வைப்போம். அந்த வேலை செய்த பச்சையம்மாவின் கைகள் முழங்கை வரை வெந்து தழும்பேறியிருந்தன. சீசாவில் இருப்பது பனிமலைச் சேற்றில் வாழும் பாக்டீரியாவிலிருந்து எடுத்த நொதி, அது குளிரிலேயே பசையைக் கரைத்துவிடும் என்றார் அந்த ஆராய்ச்சியாளர். ஒரு மார்கழிக் காலையில் கிணற்றுத் தண்ணீரில் அந்த நொதியைக் கலந்து நூலை ஊறவைத்தோம். மதியத்துக்குள் பசை விட்டு நூல் மெத்தென்று வந்தது.

“இனிமே நீங்க அடுப்புகிட்ட நிக்கவே வேண்டாம்மா,” என்று பச்சையம்மாவின் கையைப் பிடித்துச் சொன்னார்.

சித்திரையில் மறுபடி கொண்டுவந்தார். எங்கள் ஊர் வெயிலில் நொதி கெட்டுப்போய், பசை அப்படியே நின்றது. மீண்டும் அடுப்பை மூட்டினோம்.

ஆடியில் வெறுங்கையோடு வந்தார்.

“ஆராய்ச்சியை நிறுத்திட்டாங்க. நான்தான் அவசரப்பட்டு உங்களுக்கு ஆசை காட்டிட்டேன். மன்னிச்சிடுங்க.”

“அத்த சொல்லவா பஸ்ஸு ஏறி வந்திருக்கீங்க? நான் அப்பவே மறந்துட்டேம்மா,” என்று பச்சையம்மா சிரித்தார்.

அந்தச் சிரிப்பு ஆராய்ச்சியாளருக்கு ஆறுதல் தரவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, மாலை வரை கொதிக்கும் தொட்டியருகே பச்சையம்மாவோடு நின்று நூலைப் புரட்டினார். நாங்கள் எவ்வளவு தடுத்தும் கேட்கவில்லை. போகும்போது விரல்களெல்லாம் சிவந்து கொப்புளித்திருந்தன.

எங்கள் பட்டறைக்கு எத்தனையோ பேர் எதையெதையோ புதுசு என்று கொண்டுவந்திருக்கிறார்கள். பலிக்கவில்லை என்று சொல்வதற்காகத் திரும்பி வந்தவர் அவர் ஒருவர்தான்.