குழந்தையோடு வருபவர்களுக்கான இடத்தில் ஒரு கறுப்புக் கார்

இன்று மத்தியானம், ஹரோவில் ஒரு சூப்பர்மார்க்கெட். நல்ல மழை.

என் மகனுக்கு ஐந்து மாதம். அவனை சீட்டோடு வெளியே தூக்க, கார்க் கதவை முழுதாகத் திறக்க வேண்டும். அதற்காகத்தான் வாசலுக்குப் பக்கத்தில், குழந்தையோடு வருபவர்களுக்கென்று அகலமான இடங்கள் விட்டிருக்கிறார்கள்.

கடைசியாகக் காலியாக இருந்த ஒன்றில் காரை நிறுத்திவிட்டு ஒருவர் தனியாக இறங்கினார். நம்மவர்தான், ஊர்த் தமிழர்.

கண்ணாடியை இறக்கினேன். “அண்ணை, இது பிள்ளையளோட வாற ஆக்களுக்கு.”

“எனக்கும் பிள்ளை இருக்குதுதானே, தங்கச்சி.”

“எங்கை?”

“வீட்டிலை நிக்கிறா. ஊரிலை நீங்கள் எவடம்?”

பழக்கதோஷத்தில் சொல்லித் தொலைத்தேன். என் மாமாவோடு படித்தவராம். உடனே காருக்குள்ளிருந்து ஒரு கார்டை எடுத்து நீட்டினார். மகளின் சாமத்தியவீட்டுக்கு, அதுதான் பூப்புனித நீராட்டு விழாவுக்கு, அழைப்பு.

“கட்டாயம் குடும்பமா வரவேணும்.”

காரை மட்டும் எடுக்கவில்லை. நான் என் காரைக் கடைசி வரிசையில் விட்டுவிட்டு, பிள்ளை நனைய நனைய நடந்தேன்.

மகள் பெரியபிள்ளை ஆகிவிட்டாள் என்று கார்டு அடித்து ஊரையே கூப்பிடுகிற மனிதருக்கு, கார் விடும்போது மட்டும் அவள் கைக்குழந்தை.

விழாவுக்குப் போகத்தான் போகிறேன். அவருடைய கார் வெளியே வர முடியாதபடி என் காரை எங்கே விடலாம் என்று மட்டும் சொல்லுங்கள்.